மாமா, இதுல லினக்ஸ் ஓடுமா?

போன ஜூனில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகளிடமிருந்து வாட்சப்பில் ஒரு லிங்க் வந்தது. கூடவே ஒரே வரி: "மாமா, இதுல லினக்ஸ் ஓடுமா?"

திறந்து பார்த்தால் ஏதோ ஒரு லேப்டாப். பளபளவென்று நாலு படம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தள்ளுபடி போக இவ்வளவு. "தெரியலம்மா" என்று பதில் போட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேலாக, விண்டோஸ் வேண்டாம், அதற்குப் பதில் லினக்ஸ் போடு, லினக்ஸ் போடு என்று வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்குகிற ஆள், காலேஜ் சேரப்போகிற பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் தெரியவில்லை என்றா சொல்வது?

ஆனால் உண்மையிலேயே தெரியாது. விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. "வைஃபை 6, புளூடூத் 5.2" என்று போட்டிருப்பார்களே தவிர, எந்த நிறுவனத்தின் எந்த சிப் என்று போட மாட்டார்கள். அப்படியே போட்டாலும் நம்ப முடியாது, ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் விற்கிற லேப்டாப்பிலேயே ஒரு லாட்டில் ஒரு வைஃபை கார்டும் அடுத்த லாட்டில் வேறொரு கார்டும் இருக்கும், அன்றைக்கு எது கையிருப்பில் இருந்ததோ அது. விண்டோஸில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அந்தச் சிப்பை இயக்குகிற டிரைவர் என்கிற நிரலைத் தயாரிப்பாளரே போட்டுத் தந்துவிடுகிறார். மூடியின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்து லினக்ஸ் ஓடுமா என்று கேட்பது, அட்டைப்படத்தைப் பார்த்துப் புத்தகத்தில் எத்தனை எழுத்துப்பிழை என்று கேட்பது மாதிரி.

இது எனக்குப் புரிய வருஷக்கணக்கில் ஆயிற்று, அதற்கு ஒருவகையில் அரசாங்கமே காரணம். 2012இல் நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் பள்ளியில் விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். அதில் விண்டோஸோடு பாஸ் என்கிற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, டெபியன் என்கிற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, முழுப்பெயர் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். வகுப்பில் பாதிப்பேர் முதல் வாரமே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றினார்கள். நான் அழிக்கவில்லை, வேறு கொள்கையெல்லாம் இல்லை, அழிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதில் வைஃபை வந்தது, சத்தம் வந்தது, மூடித் திறந்தால் விழித்துக்கொண்டது. நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்றால், லினக்ஸ் எதில் போட்டாலும் ஓடும். எனக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து அந்த லேப்டாப்பின் சிப் ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துச் சோதித்திருப்பார்கள் என்பது அந்த வயதில் மண்டையில் ஏறவில்லை.

ஏறியது 2021 தீபாவளித் தள்ளுபடியில். ஏஎம்டி பிராசசர் போட்ட ஒரு லேப்டாப்பை ஆன்லைனில் வாங்கினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கையில் இருந்த உபுண்டு 20.04 (இதுவும் ஒரு லினக்ஸ் வகைதான்) பென்டிரைவைச் செருகி, விண்டோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துடைத்து எறிந்துவிட்டு நிறுவினேன். நிறுவி முடித்துப் பார்த்தால் மேல் மூலையில் வைஃபை சின்னமே இல்லை. சிக்னல் இல்லை என்றால் பரவாயில்லை, இங்கே அந்தச் சின்னமே இல்லை. அந்த உபுண்டுவின் கர்னல், அதாவது வன்பொருளோடு பேசுகிற லினக்ஸின் மையப்பகுதி, 5.4. அந்த வைஃபை சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள் வந்ததோ 5.16இல், அது வெளியானது 2022 ஜனவரி. அதாவது நான் வாங்கிய அன்றைக்கு உபுண்டு, டெபியன் மாதிரியான எந்த டிஸ்ட்ரோவின் பென்டிரைவைச் செருகியிருந்தாலும் அநேகமாக அது வேலை செய்திருக்காது.

அப்புறம் என்ன, ஃபோனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டு இணையம் வாங்கி, யாரோ ஒரு புண்ணியவான் தனியாக வைத்திருந்த டிரைவரின் மூலநிரலை இறக்கி, நானே கம்பைல் செய்தேன், அதாவது என் கர்னலுக்கு ஏற்ற டிரைவராகக் கட்டினேன். வந்தது. கர்னல் அப்டேட் வந்த மறுநாள் காலையில் போய்விட்டது. மறுபடியும் கம்பைல். மறுபடியும் போயிற்று. டிகேஎம்எஸ் என்று ஒன்று இருக்கிறது, கர்னல் மாறும்போதெல்லாம் அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று அப்டேட் பிடித்தது. (ஆண்ட்ராய்டு ஃபோன் டெதரிங் மட்டும் எந்த லேப்டாப்பிலும் என்னைக் கைவிட்டதில்லை. டேட்டா கேபிள் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் ஆகாது.)

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு கழித்தல் குறி, இரண்டு என், ஒரு கே. அவ்வளவுதான். போர்டில் பிசிஐ வழியாக இணைந்திருக்கும் பொருட்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி போட்டு இரண்டு எண்கள் இருக்கும். என்னிடம் இப்போது இருப்பதில் வைஃபை வரியில் 8086:2723 என்று வருகிறது. முதல் எண் தயாரிப்பாளர், இரண்டாவது பொருள். 8086 என்றால் இன்டெல். 1978இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக எடுத்துக்கொண்ட குறும்பு. 2723 என்றால் ஏஎக்ஸ்200 என்கிற வைஃபை கார்டு. எல்லாருக்கும் இப்படி வெறும் இலக்கமாக வராது, பதினாறடிமான எண் என்பதால் நடுவே ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் வரும்.

கர்னல் பெரும்பாலும் பார்ப்பது இந்த எண்களைத்தான். ரேஷன் கடையில் கார்டு நம்பரைப் பார்த்துச் சாமான் போடுவது போல. பூட் ஆகும்போது மாட்டியிருக்கும் ஒவ்வொரு பொருளிடமும் எண்ணைக் கேட்கிறது, ஒவ்வொரு டிரைவரிடமும் "எனக்குத் தெரிந்த எண்கள் இவை" என்று ஒரு பட்டியல் இருக்கிறது, பொருந்தினால் டிரைவர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வெளியீட்டிலேயே சாதனத்தின் பெயருக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி வந்திருந்தால் நிம்மதி. அந்த வரி இல்லையென்றால் அந்தப் பொருள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் 2021 லேப்டாப்பில் வைஃபைக்குக் கீழே அந்த வரிதான் இல்லை.

டிரைவர் ஏறியும் வேலை செய்யாத கேஸ் ஒன்று உண்டு. சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாதபோது அப்படி ஆகும். டிமெஸ்ஜி என்று அடித்தால் கர்னலின் புலம்பல் முழுவதும் வரும், அதில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, எரர் கழித்தல் 2 என்று ஒரு வரி இருக்கும். கழித்தல் 2 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்பது மட்டுமே. டெபியனில் இது ரொம்ப நாள் தலைவலியாக இருந்தது, கட்டற்றதாக (யாரும் பார்த்து மாற்றக்கூடியதாக) இல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க மாட்டோம் என்று இருந்தார்கள். 2022இல் ஓட்டுப் போட்டு முடிவை மாற்றிக்கொண்டு, 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து சேர்த்தே தருகிறார்கள். கொள்கைப்படி அது சரியா என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தச் சண்டையில் இல்லை, எனக்கு வைஃபை வந்தால் போதும்.

கம்பைல் செய்து செய்து அலுத்துப்போய்க் கடைசியில் கார்டையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். லேப்டாப்பைக் கழற்றினால் எம்.2 என்கிற ஸ்லாட்டில் 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்ன அட்டை, ஒரே ஸ்குரூ. (சில லேப்டாப்களில் போர்டோடு ஒட்டியே வருகிறது, வாங்கும்முன் இதையும் பார்க்கவேண்டும்.) நேரே சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிச்சி. அவருக்கும் இந்தத் தெருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். இன்டெல் கார்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டையும் எடுத்து வைத்தார். 201 சற்று மலிவு. எண்ணும் ஒன்று கூட. நான் 201ஐ வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றி, அதில் மாட்டியிருந்த கறுப்பு, வெள்ளை ஆன்டெனா வயர் இரண்டையும் நகத்தால் நெம்பி எடுத்தேன். அந்த வயர் முனை கொத்தமல்லி விதையில் பாதிதான் இருக்கும், புதிய கார்டில் சரியாக உட்கார்ந்தால் டிக் என்று ஒரு சத்தம், கேட்பதைவிட விரலில் உணர்வதுதான் அதிகம். எனக்கு அந்த டிக் வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஸ்குரூ போட்டு மூடி பூட் செய்தால் எல்எஸ்பிசிஐயில் வைஃபைக்கு ஒரு வரிகூட இல்லை. பழைய கார்டாவது இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாவது இருந்தது.

கார்டில் ஒரு கோளாறும் இல்லை, வாங்கிய ஆளிடம்தான். ஏஎக்ஸ்201இல் வைஃபை வேலையின் ஒரு பகுதிதான் அந்த அட்டையில் நடக்கிறது, மீதி மூளை இன்டெல் பிராசசர் அல்லது சிப்செட்டுக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்பார்கள். ஏஎம்டி போர்டில் அந்த மீதிப் பாதி கிடையாது. ஸ்லாட்டில் பொருந்தும், ஸ்குரூ ஏறும், வேலை மட்டும் நடக்காது. 200, 210 இரண்டும் முழுக் கார்டுகள், ஏஎம்டியிலும் ஓடும். மறுநாள் போய் 200 வாங்கினேன். "மாத்திக் குடுக்க முடியாது சார், பிரிச்சுட்டீங்க" என்றார் கடைக்காரர். நியாயம்தான்.

அன்றிலிருந்து புது லேப்டாப் என்றால் கர்னல் எண்ணையும் வைஃபை சிப்பின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. ரியல்டெக் 8821சிஇ கர்னலுக்குள் வந்தது 5.9இல், மீடியாடெக் 7921 வந்தது 5.12இல், அதற்கு முந்தைய கர்னல் வைத்திருப்பவருக்கு அந்தக் கார்டுகள் வெறும் தகடு. போன மாதம் சந்தைக்கு வந்த லேப்டாப்பில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிஸ்ட்ரோவைப் போட்டுவிட்டு லினக்ஸ் மோசம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே திட்டியிருக்கிறேன். உபுண்டு 24.04 வந்தபோது கர்னல் 6.8, பிறகு வந்த 24.04.3இல் 6.14. பெயர் அதே 24.04தான். ஆகவே பழைய பென்டிரைவைத் தேடி எடுக்காமல் புதிதாக இறக்கிக்கொள்வது நல்லது. பழைய லேப்டாப்காரர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் குறைவு. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தபிறகு, 11 ஏற்காத லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நாலுபேர் வந்தார்கள். நாலும் ஏழெட்டு வருஷப் பழசு, நாலிலும் லினக்ஸ் மின்ட் போட்டேன், நாலிலும் நான் எதையும் தேடவேண்டியிருக்கவில்லை. இவ்வளவு காலத்தில் அந்தச் சிப்களுக்கு யாரோ ஒருவர் டிரைவர் எழுதி முடித்திருக்கிறார்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் வேண்டாம், கடைக்கே போகலாம் என்று கூட்டிப்போனேன். பென்டிரைவைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடைப் பையன் ஏதோ வெடிகுண்டைக் காட்டியதுபோல் பின்வாங்கினான். "சீல் ஒடச்சா வாரன்டி போயிடும் சார்." டிஸ்ப்ளேயில் இருக்கும் லேப்டாப்பில் செருகுகிறேன் என்றேன். ஓனரைக் கேட்கணும், ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார். பரவாயில்லை, இதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் நெட்வொர்க் அடாப்டர், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அந்தக் கீழிறங்கு பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ். வென் என்பதற்குப் பிறகு வருவது தயாரிப்பாளர் எண், டெவ் என்பதற்குப் பிறகு வருவது பொருள் எண். அதே இரண்டு எண்கள்தான்.

அவள் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். முதல் லேப்டாப்பின் எண்ணோடு லினக்ஸ் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடியதில் முதல் பக்கம் முழுக்க அழுகை. அடுத்தது. இரண்டாவதில் வைஃபை பரவாயில்லை, என்விடியா கிராபிக்ஸ் தனியாக இருந்தது. என்விடியா என்றதும் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டியதுதான் பலருக்கு நினைவு வரும், ஆனால் அது பழைய கதை. 2022 மே மாதம் தங்கள் டிரைவரின் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும், கையெழுத்தில்லாத நிரலை ஏறவிடாத செக்யூர் பூட் போட்டிருந்தால் அந்த மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அதற்காக ரீபூட்டில் ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும், தெரியாதவர்கள் எதையோ அழுத்தித் தாண்டிப் போய்விடுவார்கள், அப்புறம் டிரைவர் ஏறாது. இன்னொன்று, இந்த இரட்டைக் கிராபிக்ஸ் லேப்டாப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளை நேரே என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். அந்த டிரைவர் சரியாக இல்லையென்றால் லேப்டாப் திரையில் எல்லாம் ஜோராக ஓடும், புரொஜெக்டரில் மாட்டினால் இருட்டு. கேம் ஆடுவாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஏஐ படிக்கணுமா? முதல் வருஷத்திலயா என்றாள். அப்படியானால் வேண்டாம்.

மூன்றாவது லேப்டாப், இன்டெல் வைஃபை, தனிக் கிராபிக்ஸ் இல்லை. கேமராவும் யூஎஸ்பி வழியாக வருவது என்று டிவைஸ் மேனேஜரிலேயே தெரிந்தது. யூஎஸ்பி கேமராக்கள் பொதுவான ஒரே முறையில் பேசுவதால் பெரும்பாலும் தானாக ஓடிவிடும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த சில மெல்லிய லேப்டாப்களில்தான் பிராசசரோடு நேரடியாக இணைகிற ஐபியூ6 வகைக் கேமரா. அதற்கான அடிப்படை டிரைவரே 2024 ஜூலையில் வந்த 6.10 கர்னலில்தான் நுழைந்தது. மூன்றாவதை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து லைவ் பென்டிரைவில் பூட் செய்தோம். எதையும் நிறுவாமல் கால் மணி நேரம் அப்படியே ஓட்டுவது. வைஃபை வந்தது. ஒரு பாட்டுப் போட்டோம், ஹெட்ஃபோன் செருகினோம், மைக்கில் அவள் ஏதோ உளறி அதைத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், டச்பேடில் இரண்டு விரல், புளூடூத், எல்லாம் சரி. நிறுவலாம் என்று போனால் நிறுவியில் பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காணோம். "மாமா, டிஸ்க்கே இல்லாத லேப்டாப்ப வித்துட்டாங்களா?"

இது இன்டெல் லேப்டாப்களில் அடிக்கடி வருவது. பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போதே நுழைகிற அமைப்புத் திரை) வட்டு விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்கிற முறையில் வைக்கப்பட்டிருக்கும், அதை அணைத்துச் சாதாரண முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு படுத்துவிடும், அவளுக்கோ இரண்டும் வேண்டும். அதனால் முதலில் விண்டோஸுக்குள் போய், அடுத்த பூட் சேஃப் மோடில் ஆகும்படி வைத்து, ரீபூட்டில் பயாஸுக்குள் நுழைந்து மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, மறுபடி சாதாரண பூட். இதற்கெல்லாம் முன்னால் வட்டை விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும், பயாஸில் கை வைத்ததும் அது சாவி கேட்கும். அவளை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். "ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கறேனே." இல்லை, எழுது. எழுதினாள், ஒரு இலக்கத்தை விட்டுவிட்டாள், ஃபோட்டோவும் எடுத்திருந்ததால் பிழைத்தோம்.

தூக்கத்தை மட்டும் லைவ் பென்டிரைவில் முழுசாகச் சோதிக்க முடியாது. பழைய லேப்டாப்களில் மூடினால் ரேமுக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போது வருகிறவற்றில் பல, ஃபோன் மாதிரி அரைத்தூக்கத்திலேயே கிடக்கின்றன. உள்ளே ஏதாவது ஒரு சாதனம் முரண்டு பிடித்தால் மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் இட்லிப் பானை மாதிரி சுட்டுக்கொண்டு கிடக்கும். அவளை ராத்திரி மூடி வைத்துக் காலையில் பேட்டரி எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். 91இல் மூடினாள், காலையில் 84. ஏற்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் தோற்றது. பவர் பட்டனில் இருக்கும் கைரேகை சென்சார். எல்எஸ்யூஎஸ்பி அடித்து அதன் எண்ணை எடுத்து, லிப்எஃப்பிரின்ட் திட்டத்தார் வைத்திருக்கும் ஆதரவுப் பட்டியலில் தேடினேன், இல்லை. கடையில் வைஃபையையும் கேமராவையும் பார்த்த நான் இதைப் பார்க்க மறந்துவிட்டேன். "பரவால்ல மாமா, பாஸ்வேர்டு அடிச்சுக்கறேன்" என்றாள் அவள். ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழக்கதோஷத்தில் விரலை முதலில் அந்தப் பட்டன் மேல்தான் வைக்கிறாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த 201 கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இவளுடைய லேப்டாப் இன்டெல்தானே, அதில் போடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அதில் ஏற்கெனவே இருப்பதும் 201தான்.